பிளக் மாற்றிய பிறகு மிஸ்ஸிங்: பெட்ரோல், சிஎன்ஜி சரக்கு வண்டிகளுக்கான கேள்வி பதில்

பழைய ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் புதிது போட்டாயிற்று. சாவியைத் திருப்பினால் வண்டி உதறுகிறது, அல்லது ஐடிலிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) நன்றாக நின்றுவிட்டு லோடு ஏற்றினதும் மிஸ் அடிக்கிறது, அதாவது ஏதோ ஒரு சிலிண்டர் எரியாமல் விடுகிறது. பட்டறைகளிலும் வண்டி ஸ்டாண்டுகளிலும் இதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இங்கே. நான்கு சக்கர சிறு சரக்கு வண்டிகளை மனதில் வைத்து எழுதியது. பெரிய சிஎன்ஜி லாரிக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

லாரிக்கு ஏது ஸ்பார்க் பிளக்?

டீசல் வண்டிக்குக் கிடையாது. அதில் காற்றை அழுத்தின சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். சில டீசல் இன்ஜினில் இருக்கும் ஹீட்டர் பிளக், குளிரில் ஸ்டார்ட் ஆக உதவுவது. அது வேறு சாமான். பெட்ரோலுக்கும் சிஎன்ஜிக்கும் (அழுத்திய இயற்கை எரிவாயு, பேச்சில் 'கேஸ்') தீப்பொறி இல்லாமல் முடியாது. பெட்ரோல் சின்ன யானை (டாடா ஏஸ்), மாருதி சூப்பர் கேரி, பெட்ரோலும் கேஸும் சேர்ந்த டாடா இன்ட்ரா, சிஎன்ஜி லாரிகள் எல்லாமே இந்தக் கணக்கில் வரும். பெரிய சிஎன்ஜி இன்ஜின்கள் பலவும் டீசல் பிளாக்கை அடிப்படையாக வைத்துச் செய்தவை. அதனால் பிளக் ஆழமான குழிக்குள் இருக்கும், வேலை கொஞ்சம் கஷ்டம்.

செக் லைட் எரிகிறது. இன்றைக்கு ஒரு டிரிப் அடித்துவிட்டு நாளைக்குப் பார்க்கலாமா?

லைட் எரிந்தபடி நின்றால், லோடு இல்லாமல் மெதுவாகப் பட்டறை வரை போகலாம். லைட் விட்டு விட்டு மின்னினால் ஓரம் கட்டி நிறுத்திவிடுங்கள். எரியாத எரிபொருள் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் எரிகிறது என்பதற்குத்தான் அந்த மின்னல். உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் அந்தச் சூட்டில் உருகி அடைத்துக்கொள்ளும். பிறகு பிளக்கைச் சரி செய்தாலும் வண்டி இழுக்காது. நான்கு பிளக் விலையும் ஒரு கன்வர்ட்டர் விலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த ஒரு டிரிப்பின் லாபம் தெரிந்துவிடும்.

நேற்று வரை நன்றாக ஓடியது, பிளக் மாற்றின பிறகுதான் மிஸ்ஸிங். முதலில் எதைப் பார்ப்பது?

உங்கள் கை பட்ட இடங்களை. எந்தச் சாமானும் வாங்குவதற்கு முன்னால், செய்த வேலையை அதே வரிசையில் திரும்பச் செய்து பாருங்கள். பத்தில் எட்டு வண்டி என்றெல்லாம் கணக்குச் சொல்ல வரவில்லை. ஆனால் மாற்றின உடனே வந்த கோளாறு, மாற்றும்போது தொட்ட எதிலோதான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு தேடினால் நேரம் மிச்சம்.

சின்ன யானை, சூப்பர் கேரி இரண்டிலும் இன்ஜின் சீட்டுக்கு அடியில். சீட்டைத் தூக்கி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வையுங்கள். சிஎன்ஜி என்றால் சிலிண்டரின் கை வால்வை மூடுங்கள். நிரப்பும்போது அதில் 200 பார் அழுத்தம் ஏறும், விளையாட்டில்லை. பிறகு ஒவ்வொரு காயிலின் (பிளக்குக்கு உயர் வோல்ட் தருவது) கப்ளரையும், அதாவது ஒயர் இணைப்பையும், கழற்றி மறுபடி மாட்டுங்கள், 'டக்' என்று பூட்டும் சத்தம் வர வேண்டும். இன்ஜின் சூட்டில் வெந்த கப்ளர் கிளிப் மொறுமொறுவென்று இருக்கும். கழற்றும்போது உடைந்திருந்தால் கப்ளர் உட்கார்ந்த மாதிரி தெரியும், பள்ளத்தில் இறங்கினால் விலகும். அப்படிப்பட்ட வண்டி குண்டு குழியில் மட்டும் மிஸ் அடிக்கும்.

அடுத்து பூட், அதாவது பிளக் தலையில் மாட்டும் ரப்பர் உறை. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பிளக்கின் முனையைத் தொட வேண்டும். ஆழமான குழியில் ரப்பர் உள்ளே இருக்கும் காற்றை அமுக்கி, மாட்டின மாதிரி காட்டிவிட்டு மெல்ல மேலே எழும்பும். லேசாகத் திருகிக்கொண்டே அழுத்தி, கையை எடுத்த பிறகும் அதே இடத்தில் நிற்கிறதா பாருங்கள்.

மூன்றாவது, வழிவிடுவதற்காக நீங்கள் கழற்றிய ஏர் ஃபில்டர் குழாய், பிரீதர் ஹோஸ், சென்சார் கப்ளர். இது பிளக்குக்குச் சம்பந்தமில்லாதது போல இருப்பதால் கடைசியில்தான் ஞாபகம் வரும்.

பிளக்கின் தலையில் இருக்கும் சின்ன நட்டு தேவையா?

உங்கள் வண்டியின் ரப்பர் பூட் எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தது. சில பிளக்கில் தலை ஒரே துண்டு. சிலவற்றில் 4 மி.மீ. மரையின் மேல் ஒரு நட்டு திருகியிருக்கும். பழைய பிளக் எப்படி இருந்ததோ அப்படியே புதியதும் இருக்க வேண்டும். நட்டு வேண்டிய இடத்தில் இல்லாவிட்டால் பூட் தொளதொளவென்று ஆடும். நட்டு இருந்தும் முறுக்காமல் விட்டால், இன்ஜின் அதிர்வில் அதற்குள்ளேயே பொறி பறந்து கருகும். மாட்டும் முன் பிளையரால் ஒரு பிடி பிடித்துவிடுங்கள், அழுத்தமாக வேண்டாம்.

எந்த சிலிண்டர் மிஸ் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஸ்கேனர் இருந்தால் வேலை சுலபம். வண்டியின் கம்ப்யூட்டரில் (இசியு) பதிவான கோளாறு கோடை, அதாவது குறியீட்டு எண்ணை, அது காட்டும். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது, இப்படியே போகும். பி0300 என்றால் ஒன்றுக்கு மேற்பட்டவை, அல்லது இடம் மாறி மாறி வருகிறது. பி0351, பி0352 என்ற வரிசை வந்தால் அது காயிலின் மின்சுற்றைச் சொல்கிறது. பிளக்கை விட்டுவிட்டு கப்ளர், ஒயர், காயில் மூன்றையும் பாருங்கள். பி0171 சேர்ந்து வந்தால் கலவையில் எரிபொருள் குறைவு, பெரும்பாலும் எங்கோ கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது.

ஸ்கேனர் இல்லையென்றால் ஐடிலிங்கில் விட்டு, எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் கப்ளரை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். வேலை செய்யும் சிலிண்டரின் கப்ளரை எடுத்ததும் இன்ஜின் இன்னும் உதறும், ஆர்பிஎம் இறங்கும். எதை எடுத்தும் மாற்றமே இல்லையோ அதுதான் செத்த சிலிண்டர். கேஸில் ஓடும்போது கேஸ் இன்ஜெக்டர் கப்ளரை எடுக்க வேண்டும், பெட்ரோல் இன்ஜெக்டரை எடுத்தால் ஒன்றும் தெரியாது.

ஓடும் இன்ஜினில் பிளக் ஒயரையோ காயிலையோ பிடுங்கிப் பார்க்கும் பழைய பழக்கத்தை விட்டுவிடுங்கள். பல்லாயிரம் வோல்ட். கையில் அடிப்பது ஒரு பக்கம். போக வழியில்லாத மின்சாரம் காயிலின் உள் இன்சுலேஷனைத் துளைத்துக்கொண்டு போவது இன்னொரு பக்கம். ஒரு கோளாறோடு வந்த வண்டி இரண்டு கோளாறோடு போகும்.

இரண்டாவது சிலிண்டர் என்று தெரிந்துவிட்டது. பிளக்கா, காயிலா, வேறு ஏதாவதா?

இடம் மாற்றிப் பாருங்கள், செலவே இல்லாத பரிசோதனை. ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனி காயில் உள்ள இன்ஜினில், ஸ்கேனரில் கோளாறு கோடை அழித்துவிட்டு இரண்டாவது காயிலை மூன்றாவதில் மாட்டுங்கள், மூன்றாவதை இரண்டாவதில். ஓட்டிப் பார்த்து பி0303 வந்தால் காயில் போய்விட்டது. பி0302 அப்படியே நின்றால் காயில் நல்லது. இப்போது பிளக்கை மட்டும் இடம் மாற்றுங்கள். கோளாறு கோடு பிளக்கோடு போனால் புதிய பிளக்தான் குற்றவாளி, 'புதுசாச்சே' என்ற இரக்கமெல்லாம் வேண்டாம். அதுவும் நகரவில்லையென்றால் மிச்சம் இருப்பது இன்ஜெக்டர், ஒயரிங், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படும் அளவு).

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். காயில், பிளக், இன்ஜெக்டர் மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றினால் வண்டி சரியாகும், எதனால் சரியானது என்று கடைசி வரை தெரியாது.

என் வண்டியில் இரண்டு காயில், நான்கு பிளக் ஒயர். ஒயர் மாறியிருக்குமோ?

மாறியிருக்கலாம், ஆனால் எல்லா மாற்றமும் கோளாறு தராது. இந்த அமைப்பில் ஒரு காயில் 1, 4 இரண்டு சிலிண்டருக்கும் ஒரே நேரத்தில் பொறி தரும், இன்னொன்று 2, 3 இரண்டுக்கும். ஜோடியில் ஒன்று எரியும்போது மற்றதன் பொறி புகை வெளியேறும் நேரத்தில் வீணாகப் போகும். ஆகவே 1, 4 ஒயர்களை மாற்றிப் போட்டாலும் இன்ஜின் கண்டுகொள்ளாது. 1ஐயும் 2ஐயும் மாற்றினால்தான் 'பட் பட்' என்று ஏர் ஃபில்டர் பக்கமும் சைலன்சர் பக்கமும் வெடிக்கும், ஸ்டார்ட் ஆவதே சந்தேகம். நான்கு சிலிண்டர் இன்ஜின்களில் எரியும் வரிசை பெரும்பாலும் 1-3-4-2.

இந்த ஜோடிக் கணக்கு துப்பறியவும் உதவும். 1, 4 இரண்டும் சேர்ந்து செத்தால் காயில் அல்லது அதன் கப்ளர். ஒன்று மட்டும் செத்தால் அந்த ஒயர் அல்லது அந்த பிளக்.

ஒயரைப் பிடித்து இழுத்துக் கழற்றினால் உள்ளே இருக்கும் கார்பன் இழை அறுந்துவிடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மல்டிமீட்டரில் நான்கையும் அளந்து ஒப்பிடுங்கள். நீளத்தைப் பொறுத்துச் சில ஆயிரம் ஓம் காட்டும். மூன்று ஒயர் ஒரு அளவில் இருக்க ஒன்று மட்டும் பல மடங்கு காட்டினால், அல்லது ஒன்றுமே காட்டாவிட்டால், அதுதான். இருட்டில் ஸ்பிரே பாட்டிலால் லேசாகத் தண்ணீர் அடித்துப் பார்த்தால் கசிகிற ஒயரில் நீலப் பொறி ஓடுவது கண்ணில் தெரியும். கேஸ் வாடை இருக்கும் வண்டியில் இந்த வேலை வேண்டாம்.

ஐடிலிங்கில் அருமையாக நிற்கிறது. லோடோடு ஏற்றத்தில் மட்டும் மிஸ் அடிக்கிறது, ஏன்?

சேலத்திலிருந்து தர்மபுரிப் பக்கம் தொப்பூர் ஏற்றத்தில் முழு பாரத்தோடு ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். அழுத்தம் கூடக் கூட, அதே இடைவெளியைத் தாண்டப் பொறிக்கு அதிக வோல்ட் வேண்டும். ஐடிலிங்கில் அந்த அழுத்தம் இல்லாததால் சொத்தை பிளக்கும் சமாளித்துவிடும். காயிலால் தர முடிந்ததைவிடத் தேவை அதிகமானால், மின்சாரம் சுலபமான வழியைத் தேடி பீங்கானின் வெளிப்புறமாகவோ ரப்பரைத் துளைத்தோ எர்த்துக்குப் போய்விடும்.

முதலில் கேப்பை, அதாவது பிளக் முனை இடைவெளியை அளங்கள். பெட்ரோலுக்குப் பொதுவாக 0.8 முதல் 1.1 மி.மீ. வரை. சிஎன்ஜிக்கு அதைவிடக் குறைவாகத்தான் வைப்பார்கள். உங்கள் வண்டிக்கு என்ன என்பது ஓனர் புத்தகத்தில் இருக்கும், அதுதான் கணக்கு. 'பெட்டியிலேயே செட் பண்ணி வருது' என்பது பாதி உண்மை. ஒரே நம்பர் பிளக் பல இன்ஜினுக்கும் விற்கிறது, வழியில் கீழே விழுந்து மூடிக்கொள்வதும் உண்டு.

நிக்கல் பிளக் என்றால் வெளி முனையை மட்டும் மெதுவாக வளைத்துச் சரி செய்யலாம். இரிடியம் பிளக்கின் நடு முனை அரை மி.மீ. பருமன்தான் இருக்கும். நாணயம் போன்ற வட்டக் கேஜை அதற்குள் விட்டு நெம்பினால் முனை ஒடிந்தே போகும். கம்பி கேஜால் அளந்து மட்டும் பாருங்கள், தப்பாக இருந்தால் சரியான நம்பரை வாங்குங்கள்.

பெட்ரோலில் நன்றாக ஓடுகிறது, சிஎன்ஜிக்கு மாறினால் மட்டும் மிஸ்ஸிங்.

இரண்டு எரிபொருளில் ஓடும் வண்டிக்காரருக்கு இது ஒரு வரம், பாதித் தேடல் ஓசியில் முடிந்துவிடுகிறது. அவசரத்துக்கு 5 லிட்டர் பெட்ரோல் டேங்க் மட்டும் உள்ள வண்டியிலும் இதைச் செய்து பார்க்கலாம்.

இரண்டிலும் மிஸ் என்றால் பிளக், காயில், கம்ப்ரஷன். கேஸில் மட்டும் மிஸ் என்றால் உடனே கேஸ் கிட்டைக் குறை சொல்லிவிடாதீர்கள். கேஸும் காற்றும் கலந்த கலவையைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிட அதிக வோல்ட் தேவை. அதனால் கேப் கொஞ்சம் கூடினாலும், பூட்டில் மெல்லிய கசிவு இருந்தாலும் அது முதலில் கேஸில்தான் காட்டிக்கொடுக்கும். பெட்ரோலுக்கான கேப் வைத்த பிளக்கைப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். பிளக் மாற்றிய மறுநாளே வரும் 'கேஸ்ல மட்டும் மிஸ்ஸிங்' புகாருக்கு இதுவே பெரும்பாலும் காரணம். அது சரியாக இருந்தால் பிறகு கேஸ் ஃபில்டர், ரெகுலேட்டர், கேஸ் இன்ஜெக்டர் என்று போங்கள். அந்த வேலைக்கு சிஎன்ஜி தெரிந்த மெக்கானிக் வேண்டும், அழுத்தக் குழாயைத் தெரியாதவர் கழற்றக் கூடாது.

ஒரு விஷயம். கேஸில் ஓடிய பிளக் வெளுத்துச் சுத்தமாக இருக்கும். பெட்ரோல் காலத்துப் பழக்கத்தில் 'வெள்ளையா இருக்கு, சூடாகுது' என்று முடிவு கட்ட வேண்டாம்.

கழற்றிப் பார்த்தால் பீங்கானில் கறுப்புக் கோடு இருக்கிறது. துடைத்துவிட்டுப் போடலாமா?

கூடாது. பென்சிலால் மேலிருந்து கீழே கிழித்த மாதிரி இருக்கும் அந்தக் கோடு, பொறி வெளியே ஓடிய தடம். கார்பன் படிந்துவிட்டதால் அடுத்த பொறிக்கு அதுவே ராஜபாட்டை. பூட்டைத் திருப்பி டார்ச் அடித்து உள்ளே பாருங்கள், அதே கோட்டுக்கு நேராக ரப்பரிலும் ஒரு தடம் இருக்கும். பிளக்கை மட்டும் மாற்றினால் பூட்டில் இருக்கும் தடம் புதிய பிளக்கையும் கொஞ்ச நாளில் கருக்கிவிடும். பழைய பிளக்கை மாற்றிப் பழைய பூட்டையே மாட்டின வண்டிகள் திரும்பி வருவதற்கு இது ஒரு பெரிய காரணம். சில காயிலுக்கு பூட் மட்டும் தனியாகக் கிடைக்கும், கேட்டுப் பாருங்கள்.

இதோடு குழப்பிக்கொள்ளும் இன்னொன்று உண்டு. இரும்பு உடலும் பீங்கானும் சேரும் இடத்தில் வளையம் போலப் பழுப்புக் கறை. அது உயர் மின்னழுத்தம் சுற்றியிருக்கும் எண்ணெய்த் துகளைப் பீங்கானில் இழுத்து ஒட்டியது. பார்க்கச் சிலிண்டருக்குள்ளிருந்து புகை கசிந்த மாதிரி தெரியும், கெடுதல் இல்லை.

கீழே விழுந்த பிளக்கைப் போடாதீர்கள். மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. சாக்கெட்டைச் சாய்வாகப் பிடித்து முறுக்கினாலும் இதே விரிசல்தான் விழும். உள்ளே ரப்பர் அல்லது காந்தம் வைத்த பிளக் சாக்கெட்டை நேராகப் பிடிக்க வேண்டும்.

கடைக்காரர் 'இதுவும் அதே மாதிரிதான்' என்று வேறு கம்பெனி பிளக் கொடுத்தார். பரவாயில்லையா?

கம்பெனி மாறலாம், நான்கு விஷயம் மாறக் கூடாது: மரையின் விட்டம், மரையின் நீளம், வெப்ப எண் (முனையின் சூட்டை பிளக் எவ்வளவு வேகமாக இறக்கும் என்பதற்கான குறி), ரெசிஸ்டர் (மின் இரைச்சலை அடக்கும் மின்தடை). நீளம் அதிகமானால் பிஸ்டன் முனையை இடித்து மூடும். குறைந்தால் பொறி ஒரு பள்ளத்துக்குள் ஒளிந்துகொண்டு பறக்கும், மீந்த மரையில் கார்பன் அடைத்து அடுத்த முறை சரியான பிளக் இறங்காது. பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

வெப்ப எண் கண்ணுக்குத் தெரியாது. அதில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது. என்ஜிகேயிலும் டென்சோவிலும் எண் கூடினால் பிளக் குளிர்ச்சி. பாஷிலும் சாம்பியனிலும் எண் கூடினால் சூடு. என்ஜிகேயின் 6, டென்சோவின் 20 இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. எண்ணை மட்டும் பார்த்து 'பெருசா இருந்தா நல்லது' என்று எடுத்தால் கதை கந்தல். தேவைக்கு மேல் குளிர்ச்சியான பிளக் தன்னைத்தானே சுட்டுச் சுத்தம் செய்துகொள்ளாது, டவுன் ஓட்டத்தில் கரி படிந்து மிஸ் அடிக்கும். சூடு அதிகமான பிளக் முனை பழுத்துப் பொறிக்கு முன்பே பற்றவைத்துவிடும். லோடில் அது பிஸ்டனுக்கே உலை வைக்கும்.

என்ஜிகே நம்பரின் எழுத்துகளில் 'ஆர்' இருந்தால் ரெசிஸ்டர் பிளக். மல்டிமீட்டரில் தலைக்கும் நடு முனைக்கும் நடுவே ஏறக்குறைய 5 கிலோ ஓம் காட்டும். ரெசிஸ்டர் இல்லாததைப் போட்டால் எழும் மின் இரைச்சல் இசியுவையும் சென்சாரையும் குழப்பி, மிஸ்ஸிங்குக்குக் காரணம் எங்கேயோ இருக்கிற மாதிரி காட்டும்.

எவ்வளவு முறுக்க வேண்டும்? மரைக்கு கிரீஸ் போடலாமா?

அலுமினிய ஹெட்டில் வாஷர் உள்ள 14 மி.மீ. மரைக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ. மரைக்கு 15 முதல் 20, 10 மி.மீ. மரைக்கு 10 முதல் 12. டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் 14 மி.மீ. புதிய பிளக்கைக் கையால் உட்காரும் வரை திருகி, பிறகு பானாவால் அரைச் சுற்று, அதிகம் போனால் மூன்றில் இரண்டு பங்கு. வாஷர் நசுங்குவது கையில் தெரியும். ஏற்கெனவே ஒருமுறை முறுக்கிய பிளக் என்றால் வாஷர் நசுங்கிவிட்டது, கடிகாரத்தில் ஐந்து நிமிட தூரம் போதும்.

லூஸாக விட்டாலும் மிஸ் வரும். பிளக்கின் சூடு ஹெட்டுக்கு இறங்குவது அந்த வாஷர் வழியாகவும் மரை வழியாகவும்தான். சரியாக உட்காராவிட்டால் 'சுஸ் சுஸ்' என்று கம்ப்ரஷன் கசியும், முனை வெந்துபோகும், ரப்பர் பூட் கருகும்.

மரைக்குக் கிரீஸோ ஆன்ட்டி சீஸோ வேண்டாம். இன்றைய பிளக்குகளின் மரையில் ஏற்கெனவே பூச்சு இருக்கிறது. வழுக்கும் மரையில் அதே 25 நியூட்டன் மீட்டர் வைத்தால் உண்மையில் அதைவிட அதிகமாக இழுபடும், ஹெட் மரை போய்விடும். சிலிகான் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் போடும் இடம் பூட்டின் உள் விளிம்பு, அதுவும் மெல்லிய ஒரு வளையம். ஸ்பிரிங்கிலோ பிளக் தலையிலோ அப்ப வேண்டாம்.

திருகும் முறை: பிளக் தலையில் ஒரு சாண் பெட்ரோல் ஹோஸ் துண்டைச் செருகி, அதைப் பிடித்து விரலால் சுற்றுங்கள். மரை மாறிப் பிடித்தால் ஹோஸ் தானாக வழுக்கும், ஹெட் தப்பிக்கும்.

குழிக்குள் ஆயில் நிற்கிறது. தண்ணீரும் இருந்தது.

ஆயில் என்றால் டப்பெட் கவர் பேக்கிங்கோடு வரும் பிளக் குழி சீல் போய்விட்டது. ஆயிலில் ஊறிய பூட் உப்பி மெத்தென்று ஆகி, பொறியை வெளியே விடும். துடைத்துவிட்டு மாட்டினால் கொஞ்ச நாள் ஓடும், பிறகு பழைய கதைதான். சீலையும் பூட்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

தண்ணீர் என்றால் வாட்டர் சர்வீஸ் செய்த கை. ஏர் அடித்துக் காயவிட்டால் போதும். எப்படியிருந்தாலும் பிளக்கைக் கழற்றுவதற்கு முன்பே குழிக்குள் ஏர் அடிப்பது முக்கியம். கழற்றின பிறகு அடித்தால் மண்ணும் கல்லும் சிலிண்டருக்குள் போய்விடும்.

ஐடிலிங் மட்டும் ஏறி இறங்குகிறது, ஓட்டத்தில் சரியாக இருக்கிறது.

இது பொறிக் கோளாறாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஏர் ஃபில்டர் குழாய் கிளாம்ப், பிரீதர் ஹோஸ், வேக்கம் ஹோஸ் இவற்றைப் பாருங்கள். சந்தேகமான ஹோஸை விரலால் நசுக்கும்போது ஐடிலிங் மாறினால் அங்கேதான். சூடான இன்ஜினில் கார்ப் கிளீனர் அடித்துத் தேடுவது தீக்கு அழைப்பு.

பேட்டரியைக் கழற்றியிருந்தால் இசியு ஐடிலிங் பழக்கத்தை மறந்திருக்கும். ஏசி, லைட் எதுவும் போடாமல் இன்ஜின் சூடாகும் வரை விட்டு, பிறகு ஒரு நாள் சாதாரணமாக ஓட்டுங்கள். அதற்குள் கோளாறு கோடு எதுவும் வராவிட்டால் தொட வேண்டாம்.

பிளக் பாதியில் இறுகி வர மறுக்கிறது. உடைந்துவிடுமோ?

முதலில் இன்ஜின் ஆறட்டும். சூட்டில் அலுமினிய மரை மெத்தென்று பிய்ந்து வரும். கால் சுற்று தளர்த்தி, குழியில் கார்ப் கிளீனரோ ஊடுருவும் எண்ணெயோ விட்டுக் கால் மணி நேரமாவது காத்திருந்து, முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டி எடுங்கள். கிறீச்சென்று சத்தம் வந்தால் நிறுத்தி, மறுபடி எண்ணெய் விடுங்கள்.

இதற்கு உலகப் புகழ் பெற்ற உதாரணம் அமெரிக்க ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பின் 5.4 லிட்டர், மூன்று வால்வு டிரைட்டன் இன்ஜின். 2004 முதல் 2008 வரையான வண்டிகளில் பிளக்கின் கீழ்ப்பகுதி நீண்ட குழாய் போல இருக்கும், அதுவும் இரண்டு துண்டாகச் செய்தது. அந்தக் குழாயைச் சுற்றிக் கரி இறுகி, மேல் பாதி மட்டும் கையோடு வந்துவிடும். மாட்டிக்கொண்ட துண்டை எடுக்கவென்றே தனி டூல் விற்பனைக்கு வந்தது. நம் ஊர் வண்டிகளில் அந்த வடிவம் கிடையாது. நம்மிடம் பிளக் சிக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் வருஷக்கணக்கில் தொடாமல் விட்டதுதான்.

ஒரு பிளக் மட்டும் மாற்றினால் போதாதா?

சோதனைக்குப் போதும். ஓட்டத்துக்கு எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள், மற்றவையும் அதே கிலோமீட்டர் ஓடியவைதானே.

போலி பிளக்கை எப்படி அடையாளம் காண்பது?

எழுத்தை நகத்தால் சுரண்டினால் உரியும். வெளி முனை நடு முனைக்கு நேராக இல்லாமல் கோணலாக இருக்கும். மரையில் பிசிர் இருக்கும், வாஷர் கையோடு கழன்று வரும். நான்கையும் வரிசையாக நிறுத்தினால் ஒரே உயரமாக, ஒரே கேப்பாக இருக்காது. விலை பாதிக்குக் கிடைத்த இரிடியம் பிளக்கைச் சந்தேகப்படுங்கள். பில் கேட்டால் கடைக்காரர் முகம் மாறுகிறதா என்பதும் ஒரு டெஸ்ட்தான்.

எல்லாம் பார்த்தாயிற்று. பிளக், காயில், ஒயர் எல்லாம் நல்லது. இன்னும் மிஸ் அடிக்கிறது.

அப்படியானால் ஒரு கேள்வி: முதலில் பிளக்கை ஏன் மாற்றினீர்கள்? மிஸ்ஸிங் இருந்ததால் மாற்றினது என்றால், காரணம் தொடக்கத்திலிருந்தே பிளக் அல்ல.

கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள். இன்ஜின் சூடாக, எல்லா பிளக்கும் வெளியே, எரிபொருளும் காயில் கப்ளரும் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து, ஐந்தாறு சுற்றுக்குச் செல்ஃப் அடிக்க வேண்டும். சில புதிய வண்டிகளில் மிதி மின்சாரத்தால் வேலை செய்வதால், திராட்டில் உண்மையில் திறந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் இன்ஜினில் 10 முதல் 14 பார் வரை வரும். அளவைவிட முக்கியம் சிலிண்டர்களுக்குள் வித்தியாசம். மூன்று 12 காட்ட, ஒன்று 8 காட்டினால் விஷயம் அங்கே. அந்தச் சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங்கில் கோளாறு, ஏறாவிட்டால் வால்வில்.

சிஎன்ஜியில் அதிகம் ஓடிய வண்டி என்றால் வால்வு மேல் சந்தேகம் கூடுதலாக வையுங்கள். கேஸ் வறண்ட எரிபொருள், வால்வு உட்காரும் சீட் மெல்லத் தேய்ந்து வால்வு மேலே ஏறும், டப்பெட் (வால்வைத் தள்ளும் பாகம்) இடைவெளி குறையும். குளிர்ந்த நிலையில் நன்றாக ஓடி, சூடானதும் ஐடிலிங்கில் ஒரு சிலிண்டர் விட்டு விட்டுச் செத்தால் அதுதான் குறி. டப்பெட் கவரைத் திறந்து ஃபில்லர் கேஜால் டப்பெட்டை அளந்தால் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். இடைவெளியே இல்லாமல் போயிருந்தால் அட்ஜஸ்ட் செய்து பார்க்கலாம். அதற்குள் வால்வு விளிம்பு எரிந்திருந்தால் ஹெட்டை இறக்கத்தான் வேண்டும்.